எலி வளையானாலும்...

“எலி வளையானாலும் தனி வளை வேண்டும்” என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனை முதலில் சொன்ன பெரியவர் சென்னை மாநகருக்கு வந்து வளை தேடியவராக இருக்க முடியாது. தேடியிருந்தால், வளைக்கு வாடகை எவ்வளவு, முன்பணம் எத்தனை மாதம், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எலிக்கு எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்பனவற்றையும் பழமொழியோடு சேர்த்தே தந்திருப்பார். 2025 மே மாதத்தில் ஏறத்தாழ மூன்று வாரம் நான் இந்த நகரத்தில் அப்படி ஒரு வளை தேடி அலைந்தேன். அறை தேடும் எண்ணத்தோடு இருக்கும் நண்பர்களுக்கும், எங்களைப் போன்றோர் எங்கிருந்து எழுந்து வகுப்புக்கு வருகிறோம் என்பதை அறிய விரும்பும் ஆசிரியப் பெருமக்களுக்கும் அந்த அனுபவம் பயன்படலாம் என்றே எழுதுகிறேன்.

முதலாண்டு முழுவதும் அரசு மாணவர் விடுதியில் தங்கினேன். கல்லூரிக்கும் வீட்டுக்கும் இடையே 8 கிலோமீட்டராவது இருக்க வேண்டும் என்பது மாணவர்களுக்கான விதி. என் ஊர் 170 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், அந்த ஒரு தேர்வில் மட்டும் படிக்காமலே தேறினேன். உணவும் உறைவிடமும் இலவசம். நான் வெளியேறிய பின், 2025 ஜூலையில், இத்தகைய விடுதிகளுக்கெல்லாம் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் சூட்டினார்கள். பொருத்தமான பெயர்தான். விடுதி இல்லையென்றால் எங்கள் வீட்டிலிருந்து ஒருவன் பட்டப்படிப்பின் வாசற்படியை மிதித்திருக்க முடியாது. ஆகவே விடுதியைக் குறை சொல்லும் நாவு எனக்கில்லை.

பிறகு ஏன் வெளியேறினாய் என்று கேட்பீர்கள். ஓர் அறையில் அறுவர் இருந்தோம். அறுவரும் நல்லவர்கள். ஆனால் அறுவரும் ஒரே நேரத்தில் நல்லவர்களாக உறங்குவதில்லை. கணிதம் படிப்போருக்கு நான் சொல்வது விளங்கும். ஒரு நிறுவலை மூன்றாவது படி வரை மனத்தில் பிடித்துக்கொண்டு நான்காவது படியைத் தேடும் நேரத்தில், “மச்சி, சார்ஜர் இருக்கா?” என்று ஒரு குரல் எழுந்தால் போதும், மூன்று படிகளும் சரிந்துவிடும். முதுகலைக்கு ஐ.ஐ.டி.யில் சேர வேண்டும் என்பது என் ஆசை. அதற்கான ‘ஜாம்’ தேர்வில் மூன்று மணி நேரத்தில் 60 வினாக்கள். அதற்கு ஒரு மேசையும், நான் அணைக்கும்போது மட்டும் அணையும் விளக்கும் வேண்டும் என்று தோன்றியது. மயிலாப்பூரில் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். மாலை ஆறு முதல் ஒன்பது வரை வேலை. மாதம் 6,000 ரூபாய். விடுதிக் கதவு அடைக்கும் நேரமும் ஒன்பதுதான். வேலை கிடைத்ததால் அறை தேடினேன் என்று ஊரில் சொன்னேன். உண்மையில், அறை வேண்டும் என்பதற்காகத்தான் வேலை தேடினேன்.

அம்மா உடனே ஒரு வழி சொன்னார்கள். “அம்பத்தூர்ல சித்தப்பா வூடு இருக்கச்சொல்ல உனக்கு எதுக்குடா தனி ரூம்பு? அந்தக் காச உன் தங்கச்சி படிப்புக்கு ஆவும்ல?” என்றார்கள். நியாயமான கேள்வி. சித்தப்பா வீட்டில் ஒரு கூடம், ஒரு சமையலறை; ஆட்கள் ஐவர். நான் போனால் அறுவர். சித்தி முகம் சுளிக்கமாட்டார்கள். அதுவே எனக்குப் பெரிய தடை. முகம் சுளிக்காதவர்கள் வீட்டில் இரவு ஒரு மணி வரை விளக்கு எரிய விடுவது எப்படி? 

அடுத்து, இராயப்பேட்டையில் வேலைக்குப் போகும் இளைஞர் நால்வர் எடுத்திருந்த அறையில் ஐந்தாமவனாகச் சேர அழைப்பு வந்தது. தலைக்கு 2,000 ரூபாய்தான். போய்ப் பார்த்தேன். இரவு பதினொன்றுக்கு மேல்தான் அங்கே பகல் தொடங்குகிறது. வணக்கம் சொல்லித் திரும்பினேன்.

தரகர் ஒருவர் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் ‘ஸ்டுடியோ’ காட்டுகிறேன் என்றார். எங்கள் ஊரில் ஸ்டுடியோ என்றால் ஹால் டிக்கெட்டுக்குப் படம் எடுத்துக்கொள்ளும் இடம். அவர் காட்டியதோ படுக்கை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் ஒரே அறைக்குள் அடங்கிய குடியிருப்பு. ஏறத்தாழ 300 சதுர அடி. வாடகை 14,000 ரூபாய். ‘மாணவர்களுக்கு ஏற்றது’ என்று வாசலில் எழுதியிருந்தது. எந்த மாணவர்களுக்கு என்று எழுதவில்லை. தரகரோடு சண்டை பிடிக்க மனம் வரவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

இனித்தான் நான் சொல்ல வந்த செய்தி. நம் பக்கத்தில் வீட்டுக்காரர்கள் மொட்டை மாடியில் ஓர் அறை கட்டி, மாடிப்படியை வெளியே வைத்து, தனியாளுக்கு வாடகைக்கு விடுவது உண்டு. காற்றும் வெளிச்சமும் உண்டு, வாடகையும் எட்டக்கூடியது. அப்படி மூன்று அறைகளைப் பார்த்தேன். மூன்று இடத்திலும் அறையை நான் பார்த்த நேரத்தைவிட, என்னை அவர்கள் பார்த்த நேரமே மிகுதி.

முதல் கேள்வி, “தம்பிக்குச் சொந்த ஊர்?” மாவட்டத்தைச் சொன்னால் வட்டம் கேட்பார்கள். வட்டத்தைச் சொன்னால் ஊர். ஊரைச் சொன்னால், “ஊருக்குள்ளயா, கொஞ்சம் தள்ளியா?” அப்பா பெயர், அப்பாவின் தொழில், குலதெய்வம், கடைசியாக, “கவிச்சி கிவிச்சி சமைப்பீங்களா?” கேட்க நினைப்பது ஒன்றே ஒன்று. அதை நேரே கேட்டால் அநாகரிகம் என்று தெரிந்த நல்லவர்கள் அவர்கள். ஆகவே கிணற்றைச் சுற்றி வருவதுபோல் சுற்றி வருகிறார்கள். ஓர் அம்மையார் மட்டும் ஒளிவு மறைவு இல்லாதவர். “நீங்க என்ன ஆளுங்க தம்பி?” என்றே கேட்டுவிட்டார். நானும் ஒளிக்காமல் சொன்னேன். “அதுக்கென்ன, எங்களுக்கு ஒண்ணுமில்ல. கீழ்வீட்டுல குடியிருக்கிறவங்க கொஞ்சம் ஒரு மாதிரி. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போன் பண்றேன்” என்றார். என் தொலைபேசி எண்ணைக் கவனமாக எழுதிக்கொண்டார். மோர் கொடுத்தார். கீழ்வீட்டார் இன்னும் வாயைத் திறக்கவில்லை போலும்!

என் வகுப்புத் தோழன் ஒருவன் இஸ்லாமியன். அவனும் நானும் சில நாள் சேர்ந்தே தேடினோம். அவனுக்கு இத்தனை கேள்விகள் இல்லை. பெயரைச் சொன்னதுமே, “அடடா, காலைலதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாரு” என்பார்கள். நேரம் மிச்சம் என்று அவன் சிரிப்பான். எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை.

இதை எழுதலாமா என்று நெடுநாள் யோசித்தேன். மலரில் பிறரைப் புண்படுத்துவானேன் என்று நண்பர் சிலர் சொன்னார்கள். யாருடைய பெயரையும் தெருவையும் நான் எழுதவில்லை. தவிரவும், அந்தக் கேள்விகளைக் கேட்ட வீடுகளிலிருந்தும் நம் கல்லூரிக்குப் பிள்ளைகள் வரக்கூடும். மாடி அறையைப் பார்க்க நாளை வேறொருவன் வருவான். அப்போது அவர்கள் அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசலாம் அல்லவா?

அப்பா கொத்தனார். ஊரில் வேலை குறைந்தால் சென்னைக்கு வந்து கட்டட வேலை செய்வார். நான் அறை தேடிய மூன்றாவது வாரத்தில் அவர் ஒருநாள் வந்தார். நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஊடு கட்டி முடிக்கிற வரைக்கும் உள்ளதான்டா படுத்துக்கினு இருப்பேன். காவலுக்கு ஆள் வேணும்ல. அப்ப ஒருத்தனும் எதுவும் கேட்டதில்ல” என்றார். அவ்வளவுதான். பேச்சை மாற்றி, “திருவல்லிக்கேணில மேன்ஷன் இருக்குமே, அதப் போய்ப் பாப்போம் வா” என்று எழுந்துவிட்டார்.

திருவல்லிக்கேணி மேன்ஷன் என்றதும் பெரியோர் சிலர் புன்முறுவல் பூப்பர். சென்னைக்கு வேலை தேடி வந்த பிரம்மசாரிகளை மூன்று நான்கு தலைமுறைகளாகத் தாங்கி நிற்கும் பேட்டை அது. தனியாளுக்கு ஒரு சிறு அறை, தளத்தின் கோடியில் பொதுக் குளியலறை, வாசலில் மேசை போட்ட மேலாளர், தெருவில் இறங்கினால் மெஸ், டீக்கடை, பழைய புத்தகக் கடை. பாரதியார் கடைசி நாட்களில் வாடகைக்கு இருந்த துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீடும் இங்கேதான். கணித மாணவனாகிய எனக்கு வேறொரு முகவரி அதைவிட நெருக்கம். 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலை கேட்டு விண்ணப்பம் எழுதிய சீனிவாச இராமானுஜன், தம் முகவரியாகக் குறித்தது ‘7, சம்மர் ஹவுஸ், திருவல்லிக்கேணி’ என்பதாகும். அடுத்த மாதமே அந்த வேலையில் சேர்ந்தார். அவரிடம் என்னென்ன கேள்விகள் கேட்டு இடம் கொடுத்தார்களோ, வரலாறு சொல்லவில்லை.

நாங்கள் போன மேன்ஷனில் மேலாளர் கேட்டவை மூன்று. “எத்தனை மாசத்துக்கு? ஆதார் ஜெராக்ஸ் இருக்கா? ரெண்டு மாச அட்வான்ஸ், சரியா?” ஊரைக்கூட அவர் ஆதாரைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டார். தெருவைக் கேட்கவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே அறை பிடித்துவிட்டது. இன்னும் அறையைப் பார்க்கவே இல்லை!

அப்பா அப்படி மயங்குகிறவர் அல்லர். அறை தேடும் நண்பர்கள் அவரிடம் ஒருநாள் பாடம் கேட்க வேண்டும். மேலாளர் நான்காம் மாடியில் 4,000 ரூபாய்க்கு ஓர் அறையும், இரண்டாம் மாடியில் 4,500 ரூபாய்க்கு ஓர் அறையும் காட்டினார். நான் 500 ரூபாயைப் பார்த்தேன். அப்பா தளத்தைப் பார்த்தார். “மேல தட்டோடு பேந்துபோயி கெடக்குது. வெறும் காங்கிரீட்டு பகலெல்லாம் வெயிலக் குடிச்சு வச்சிக்கினு ராத்திரிதான் கக்கும். நீ படிக்கிறதே ராத்திரிலதான?” என்று நான்காம் மாடியைத் தள்ளிவிட்டார். இரண்டாம் மாடி அறையில் சுவரின் அடிப்பாகத்தைக் கைமுட்டியால் தட்டிக்கொண்டே போனார். ஓதம் ஏறிய சுவரில் பூச்சு விட்டுப்போய், சத்தம் பொக்கென்று கேட்குமாம். ஒரு மூலையில் அப்படிக் கேட்டது. “இந்தாண்ட கட்டில் போடாத, புஸ்தகமும் வைக்காத” என்றார். குழாயைத் திறந்து நீரை வாயில் விட்டுப் பார்த்து உப்பு என்றார். குளியலறைத் தரையில் ஒரு குவளை நீரைக் கொட்டி, அது வடிகாலை நோக்கி ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா என்று பார்த்தார். சன்னல் ஒன்றுதான், ஆனால் கதவுக்கு எதிரே இருந்ததால் இரண்டையும் திறந்தால் காற்று ஓடும். சுவிட்சுப் பெட்டியில் மண்கம்பி இணைப்பு உண்டா என்று அவர் கேட்டபோதுதான் மேலாளர் முதன்முறையாக நாற்காலியை விட்டு எழுந்தார். கடைசியில் அறையை அடிவைத்து அளந்து, “எட்டுக்குப் பத்து” என்றார்.

எட்டுக்குப் பத்து என்றால் 80 சதுர அடி. வாடகை 4,500. மனக்கணக்குப் போட்டேன்: சதுர அடிக்கு 56 ரூபாய் 25 காசு. 300 சதுர அடிக்கு 14,000 கேட்ட ஸ்டுடியோவில் 46 ரூபாய் 67 காசுதான் வருகிறது. ஆக, குளிரூட்டியும் சமையல் மேடையும் உள்ள அந்த அறையைவிட, கட்டிலும் மேசையும் மட்டும் உள்ள இந்த எலி வளைக்கு அடி ஒன்றுக்கு விலை கூடுதல்! மொத்தமாகக் கொடுக்கக் கையில் பணம் இல்லாதவன் சில்லறையில் அதிகம் கொடுக்கிறான். எண்ணெயைப் பொட்டலத்தில் வாங்கும் எங்கள் தெருவுக்கு இது புதிய கணக்கும் அன்று.

மின்சாரத்திலும் இதே கதை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது யாவரும் அறிந்ததே. அது இணைப்பின் பெயருக்கு உரியவருக்குத்தான். துணை மீட்டர் வைத்த அறைவாசிக்கு முதல் யூனிட்டிலிருந்தே கணக்கு. எங்களிடம் யூனிட்டுக்கு 10 ரூபாய்.

மேன்ஷனைப் புகழ்ந்துகொண்டே போவதாக எண்ண வேண்டாம். கேள்வி கேட்காத இடத்தில் காகிதமும் கிடைக்காது. மாடி அறைக்காரர்கள் 11 மாத ஒப்பந்தம் எழுதுவார்கள். (அதென்ன 11? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அதிலிருந்து நழுவப் பிறந்த எண் இது.) 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாத வரையில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. சென்னையில் பத்து மாத முன்பணம் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது நல்ல செய்தி. என் கையில் இருப்பதோ ஒரு ரசீது. பெயர், அறை எண், தொகை. அவ்வளவே. நாளைக்கே காலி செய் என்று மேலாளர் சொன்னால் எந்தக் காகிதத்தை நீட்டுவேன்? அந்த ரசீதையும் கேட்டு வாங்கியது அப்பாதான். “வாய் வார்த்தைக்குக் கூலி வாங்கிப் பட்டவன்டா நான்” என்றார்.

வரவு செலவையும் சொல்லிவிடுகிறேன். நாளை யாரேனும் கணக்குப் போட்டுப் பார்க்க உதவும். பயிற்சி நிலையத்தில் 6,000. அரசுப் பள்ளியில் படித்தவன் என்ற முறையில் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000. ஆக 7,000. அறைக்கு 4,500. மின்சாரம் சுமார் 250. உணவுக்கு நாளொன்றுக்கு 60 என்று வைத்தால் 1,800. காலையில் அம்மா உணவகத்து ஒரு ரூபாய் இட்லி இல்லையென்றால் இந்தக் கணக்கு நிற்காது. மீதி 450. கல்லூரிக்குப் போய்வர மாணவர் பேருந்து அட்டை இருக்கிறது. இரவில் மட்டும் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி மூன்றாவது நிலையத்தில் இறங்குகிறேன். கால் வலிக்காத நாட்களில் நடை.

நேரக் கணக்கு வேறு. மாலையில் மூன்று மணி நேரத்தை விற்று, இரவில் மூன்றரை மணி நேரத்தை வாங்குகிறேன். அரை மணி நேர லாபத்திற்கா இத்தனை பாடு என்று ஒரு நண்பன் கேலி செய்தான். விற்ற மணியும் வாங்கிய மணியும் ஒரே சரக்கு அல்ல என்று அவனுக்குச் சொன்னேன். விடுதியில் முடிக்காமல் விட்ட மெய்ப்பகுப்பாய்வின் முதல் நான்கு அத்தியாயங்களை இந்த அறைக்கு வந்து ஒன்றரை மாதத்தில் முடித்தேன்.

எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரே அறை. பாட்டி இருமும் ஓசை, தங்கை பாடம் ஒப்பிக்கும் ஓசை, மழைக்காலத்தில் ஆட்டுக்குட்டி என்று எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருபது வயது வரை உறங்கியிருக்கிறேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தனியாகப் படுத்தது இங்கேதான் முதல்முறை. முதல் வாரம் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுத்தான் உறக்கம் வந்தது. அம்மாவிடம் சொன்னபோது, “அதுக்குத்தான் மாசம் நாலாயிரத்து ஐந்நூறா?” என்றார்கள். அம்மா இன்றுவரை இந்த அறையை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த 4,500 ரூபாயில் தங்கைக்கும் பங்கு உண்டு என்பது அவர்கள் கட்சி. அதை மறுக்க என்னிடம் எந்த நிறுவலும் இல்லை. அப்பாவின் கட்சி வேறு. “நாப்பது வருசமா ஊருக்கெல்லாம் ரூம்பு கட்டினேன், என் புள்ள ஒரு ரூம்புல இருந்துட்டுப் போவட்டும்” என்கிறார். இருவரும் இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டதாகத் தங்கை சொல்கிறாள்.

அவள் இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதுகிறாள். வேதியியல் படிக்கச் சென்னைக்குத்தான் வருவேன் என்று அடம் பிடிக்கிறாள். முதலில் அரசு விடுதிக்கு விண்ணப்பிப்போம். மாணவியருக்கு அந்த 8 கிலோமீட்டர் விதியும் இல்லை. இடம் கிடைக்காவிட்டால் தனியார் மகளிர் விடுதிதான் தேட வேண்டும். மேன்ஷனில் பெண்களுக்கு இடமில்லை. 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மகளிர் விடுதிகள் உரிமம் பெற்றிருக்க வேண்டும்; கேட்டால் காட்ட வேண்டும். ஆனால் உரிமத்தைப் பார்த்தால் சுவர் தெரியாது, கேள்விகளும் தெரியாது. பெண்பிள்ளை என்றால் கேள்விகள் இரட்டிப்பு என்று வகுப்புத் தோழியர் சொல்கிறார்கள். ஊரையும் தெருவையும் கேட்காத, இரவில் விளக்கை அணைக்கச் சொல்லாத, உணவோடு சேர்த்து 6,000 ரூபாய்க்குள் அடங்கும் மகளிர் விடுதி எதுவும் நம் கல்லூரி மாணவியர் யாருக்கேனும் தெரிந்திருந்தால், கணிதத் துறையில் இரண்டாம் ஆண்டு வகுப்பில் வந்து சொல்லுமாறு வேண்டுகிறேன். சுவரைத் தட்டிப் பார்க்க அப்பா மே மாதம் முதல் வாரத்தில் வருகிறார்.